படியளப்பவர்

ஜெஸ்டபோனியில் உலை அணைந்து இது ஆறாவது குளிர்காலம்.
அப்பாவின் கணக்கில் பணம் தங்காது,
விழுந்த மறுநிமிடம் கடன் கவ்விக்கொள்ளும்.
அதனால் இத்தாலியில், பாரியிலிருந்து
அம்மா அனுப்புவது என் பெயருக்கு வருகிறது.
அங்கே அவள் யாரோ ஒருவரின் படுக்கைப்புண்ணைத் துடைக்கிறாள்.
பகலுக்கு இவ்வளவு. இரவுக்குக் கொஞ்சம் கூட.

ஜன்னலில் கையெழுத்திட்டு வாங்கி
ரசீதோடு அப்பா முன் வைப்பேன்.
எச்சில் தொட்டு எண்ணுவார், இரண்டு முறை.
மின்சாரத்துக்கு, கடைக்கார ஒதாரிக்கு,
தம்பி லாஷாவின் பூட்சுக்கு என்று
தீக்காயத் தழும்புள்ள கையால் பிரித்து நீட்டுவார்.
எனக்குப் பஸ் காசு.
“நன்றி, அப்பா” என்று சொல்லவேண்டும்.
ஒரு மாதம் சொல்லவில்லை,
என் அறைக் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையின் தலைப்பக்கம்
ஒயின் கொம்போடு எழுந்து நிற்பார்:
“இந்தக் கூரையைத் தாங்கும் தோள்களுக்கு!”
சித்தப்பா நுக்ஸார் கண்கலங்கிக் குடிப்பார்.
சித்தி கிரீஸில் இருக்கிறாள்.

இந்த மாதம் பாரியில் அந்த மனிதர் இறந்துவிட்டார்.
பணம் வரவில்லை.
அப்பா எங்களை நிற்கவைத்துக் கத்தினார்:
“நான் எங்கிருந்து கொட்டுவேன்?
சிக்கனமாக இருங்கள் என்று
எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன்!”
லாஷா புது பூட்சைக் கழற்றி
கட்டிலுக்கடியில் தள்ளினான்.

நடுராத்திரி தண்ணீர் குடிக்கப் போனேன்.
சமையலறையில் விளக்கில்லை.
அடுப்பு வெளிச்சத்தில், எச்சில் தொட்டு,
பழைய ரசீதுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எல்லாவற்றிலும் என் பெயர்.