அலமாரியைப் பங்கு பிரித்தல்

வூச் என்று சொல்ல வேண்டும் எங்கள் ஊரை.
படகு என்று அர்த்தம். கடல் ரொம்பத் தள்ளி.
பெயரில் நாலே எழுத்து,
மூன்றுக்குக் கீறலோ கோடோ உண்டு.
வெளியிலிருந்து வாங்கும் எழுத்துருக்கள்
அவற்றை மழித்துவிட்டுத்தான் வந்து சேரும்.

எதற்குச் சொல்கிறேனென்றால்
போக்னா முதலில் எடுத்த புத்தகம் அதுதான்:
எழுத்துரு மாதிரிகளின் தொகுப்பு, முழங்கை நீளம்.
விடுபட்ட வால்களையும் புள்ளிகளையும்
பக்கம் பக்கமாகப் பென்சிலால்
அவளே போட்டு வைத்திருக்கிறாள்.
அது அவளுக்கு. பேச்சே இல்லை.

நிறங்களைப் பற்றியது எனக்கு.
எண்பத்து நான்காம் பக்கத்தில் என் காபிக் கறை.
அதை ஸ்கேன் செய்துதான்
ஒரு ரொட்டிக் கடைக்கு நிறமென்று கொடுத்தோம்.
மூன்று மாதம் யோசித்துச் சம்மதித்தார் கடைக்காரர்.

பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது பற்றிய
தடித்த புத்தகம்
ஏழு வருடம் என் மானிட்டருக்கு முட்டுக்கொடுத்தது.
படித்ததில்லை. கழுத்து வலி மட்டும் நின்றது.
"படித்தவளுக்குத்தான் வலி" என்று
கழுத்தைத் தடவிக்கொண்டு எடுத்துப் போனாள்.

வெற்றிடத்தின் அருமை பற்றி ஒன்று,
எண்ணூறு பக்கம்.
எழுதியவர் எந்த இடத்தையும் விடவில்லை.
மூன்றாவது பெட்டியில் போட்டோம்,
யாருக்கும் வேண்டாத பெட்டி.

இணையத்துக்கென்று வாங்கியவை
பால் மாதிரி, சீக்கிரம் திரிந்துபோகும்.
அட்டையில் இருக்கும் உலாவியே இப்போது இல்லை.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.
தப்பாக அழுத்தியவர் திரும்பி வர
வழி வைத்தாயா என்று
அத்தியாயம் முடியும்போதெல்லாம் கேட்கும் அது.

ஸ்டுடியோவை மூடிவிடலாம் என்று
போன டிசம்பரில் மின்னஞ்சல் எழுதியது நான்.
அனுப்பு பொத்தானை அழுத்தியபோது
அவள் நாலடி தூரத்தில்
ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள், இருவருக்கும்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. நீல அட்டை.
கண் எப்படி வாசிக்கிறது என்று
கண் மருத்துவர்களுக்காக எழுதியது.
கிளினிக்குக்கு நாங்கள் செய்த முதல் தளம்
வெள்ளையின்மேல் வெளிறிய சாம்பல் எழுத்து.
பரிசுகூட வாங்கியது.
டாக்டர் ஹல்ஷ்கா ருட்னிக் பரிசைக் கண்டுகொள்ளவில்லை.
"என்னிடம் வருகிறவர்களுக்கு இது மூடுபனி" என்று சொல்லி
இந்தப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.
அன்றிரவு ஒரே விளக்கின் கீழ்
இடப் பக்கம் அவள், வலப் பக்கம் நான்.
முடித்தபோது முதல் டிராம் ஓடத் தொடங்கியிருந்தது.
ஒன்றும் பேசாமல் எழுத்தைக் கறுப்பாக்கினோம்,
பெரிதாக்கினோம்.

"உனக்கு" என்றேன்.
"வேண்டாம், நீயே வை" என்றாள்.
புரட்டியபோதுதான் முத்திரையைப் பார்த்தோம்:
கிளினிக் நூலகம். பதினான்கு நாட்களில் திருப்பித் தரவும்.
ஒன்பது வருடம்!

டிராமில் போனோம்.
யார் மடி என்று முடிவாகவில்லை,
நடு இருக்கையில் வைத்தோம் அதை.
ஒரு கிழவர் வந்து நின்று பார்த்துவிட்டு
எடுக்கச் சொல்லாமல் நகர்ந்து போனார்.

கிளினிக் பூட்டியிருந்தது.
திங்கள் வரை விடுமுறை என்று கதவில் ஒரு தாள்.
எழுத்து பெரிது, அது சரி.
"அந்த இரண்டு எழுத்துக்கு நடுவில்
டிராமே போகும்" என்றேன்.
"இடைவெளியில் ஒன்றுமில்லை.
ஒட்டிய உயரம்தான் தப்பு.
சக்கர நாற்காலியில் வருகிறவர் அண்ணாந்தா பார்ப்பார்?"
"அதற்கும் இடைவெளிக்கும் என்ன சம்பந்தம்?"
தூறலில் நின்று கால் மணி நேரம் சண்டை.
டிசம்பருக்குப் பிறகு
இவ்வளவு நாங்கள் பேசவேயில்லை.

தபால் துளையில் நுழைத்துப் பார்த்தாள்.
ஒரு அட்டையின் தடிமன் அளவுக்கு இடிக்கிறது.
குப்புறத் திருப்பினாலும் இடிக்கிறது.
அளவு சரிபார்க்காத யாரோ செய்த கதவு.

திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும்.
நனையாமல் பையில் போட்டாள்.
கனம்.
பையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.