பிடி மட்டும்

ஜனவரியில் ஃபைஃப் கரையோரம்
மூன்றரைக்கே விளக்குப் போடவேண்டும்.
நெட்டா கார்கிலின் பட்டறைச் சுவரில்
பதினொரு கோல்ஃப் மட்டைகள்
நனைந்த குடைகள் மாதிரி சாய்ந்திருந்தன.
ஸ்ட்ருவன் பீட்ரி மிதியடியைத் தாண்டவில்லை.
"பிடியை மட்டும் மாத்து.
தண்டுல கை வைக்காதே."

முப்பது வருஷம் இழுவைப்படகு ஓட்டியவர்.
கயிறோ சக்கரமோ
இறுக்கித்தான் பிடிப்பார்.
கைகுலுக்கினால்
நாம்தான் கையை உதறவேண்டும்.

"ஒரு தடவை வீசிக் காட்டுங்க."
வலைக்குள் வீசினார். கருவி எழுபத்தொன்பது என்றது.
போன முறை தொண்ணூற்று மூன்று.
"பேட்டரி போயிருக்கும்" என்றார்.
அவர் கண்முன்னே புது பேட்டரி போட்டாள்.
எழுபத்தெட்டு.

அவர் போனபின்
டிரைவரின் பழைய பிடியை
விளக்கடியில் திருப்பினாள்.
இடக் கட்டைவிரல் அழுத்திய இடத்தில்
ரப்பர் கரைந்து ஒரு குழி.
மோதிரவிரலும் சுண்டுவிரலும் மூடவேண்டிய இடத்தில்
கடையில் வாங்கிய அன்றைய வரிகள்,
ஒன்றுகூடத் தேயாமல்.

என் மொழியில் ஒரு வசதி உண்டு:
பிடிவாதம் என்று எழுதி
நடுவில் கத்தி வைத்தால்
இந்தப் பக்கம் பிடி,
அந்தப் பக்கம் விரல்மூட்டு வாதம்.
நெட்டாவிடம் அந்தச் சொல் இல்லை.
கத்தி இருந்தது.

கொக்கிக் கத்தியால் நீளமாகக் கீறினாள்.
மீன்தோல் போல் உரிந்தது ரப்பர்.
உள்நாடாதான் வரமாட்டேன் என்றது,
நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.
இரும்பு மட்டைகளில், பிடி முடியும் விளிம்பில்,
உப்புக்காற்று வைத்த துரு.
ஈரத்தோடு கார் டிக்கியில் பூட்டிவைத்தால்
வேறென்ன விளையும்?
வெந்நீர், பாத்திர சோப்பு, பழைய பல்துலக்கி, அவ்வளவுதான்.
படகுத்தளத்தை நாள்தோறும் தேய்த்த மனிதர்
இதைச் செய்ததே இல்லை.

புது நாடா. வலக்கை வரும் இடத்தில் இரண்டு சுற்று கூடுதல்,
முழுதாக மூடாத கைக்குள்
பிடி தானே வந்து நிறையட்டும்.
நுனித்துளையை விரலால் அடைத்து, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி,
ஒரே மூச்சில் தள்ளினாள்.
தயங்கினால் பாதியில் ஒட்டிக்கொள்ளும்.

பத்து மட்டைகளுக்கு அப்படி.
டிரைவரில் மட்டும் சொல் மீறினாள்.
கழுத்தில் மெல்லச் சூடு காட்டி,
பசை இளகியதும்
எஸ் என்று எழுதிய தண்டை உருவி வைத்தாள்.
அதே கறுப்பு, அதே மினுமினுப்பு,
எழுத்து மட்டும் ஏ.
வயசானவர்களுக்கென்று செய்யும் இளகிய தண்டு.
எழுத்து தரையைப் பார்க்கும்படி
திருப்பி ஒட்டினாள்.
பில்லில்: பிடி, பதினொன்று.

ஏப்ரலில் வந்தார்.
பன்னிரண்டாம் குழியில்
கோர்ஸ் புதரைத் தாண்டிவிட்டதாம் பந்து,
ஆறு வருஷத்தில் முதல் தடவை.
"நல்ல பிடி" என்றார்.
"ம்" என்றாள்.
கையில் வாங்கிப் பார்த்தாள். சோப்பு வாசனை.
தண்டின் அடிப்பக்கம், எழுத்து இருந்த இடத்தில்,
மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடா,
ஒரு அங்குலம்,
நேர்த்தியாக நறுக்கி ஒட்டியிருந்தது.

அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பையிலிருந்து
மூன்றாம் நம்பர் கட்டை மட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.
"இதுக்கும் மாத்தணும்.
பிடி மட்டும்."

ஜனவரியில் அவள் போட்ட பிடி.
இன்னும் பளபளப்புக்கூடப் போகவில்லை.
"வியாழக்கிழமை வாங்க" என்றாள்.