கேள்வி பதினேழு

இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும்
இந்தக் கையால்தான் கொடுத்தேன்.
வெஸ்ட்வில் வளாகத்தின் மூச்சு வாங்கும் சரிவில்,
நூலக வாசலில்,
குரங்குகள் நம் ரொட்டிக்குக் காத்திருக்கும்
உணவுக்கூடத் திண்டில்.
"ஐந்தே நிமிடம்.
பெயர் எழுத வேண்டாம்.
உண்மையை மட்டும் வட்டமிடுங்கள்."

பொறியியல் பையன் ஒருவன்
எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு
என் பேனாவையும் கொண்டு போனான்.
யாரோ ஒருத்தி
பதினேழாம் கேள்விக்கு எண் போடாமல்
ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்தாள்:
கேட்பது யார்?

பதினேழு இதுதான்:
என் நாளை நானே நடத்துகிறேன்.
ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று.
எப்போதும் என்றால் ஐந்து.

கேட்டவள் நான், யெஷ்னி.
மருந்தியல் மூன்றாம் ஆண்டின் வகுப்புப் பிரதிநிதி.
நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில்
"நாளைத் தேர்வு எந்த அறை?" என்பவனுக்கு
அறையோடு பேருந்து நேரமும் சொல்பவள்.
உதவித்தொகை வராதவர்களுக்கெல்லாம்
என் தமக்கை பிள்ளைகள் போல
மனு எழுதிக் கொடுப்பவள்.
கட்டிலின் தலைமாட்டில் கால அட்டவணை:
மஞ்சள் படிப்பு,
பச்சை ஆய்வகம்,
நீலம் இந்தப் படிவங்கள்,
சிவப்பு தூக்கம்.
சிவப்புப் பேனா மட்டும்
வாங்கிய அன்று போலவே இருக்கிறது.

அந்தச் செவ்வாய் இரவு
எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
மூன்று. மூன்று. இரண்டு. நான்கு. ஒன்று.
ஒன்று.
ஒன்று.
எண்ணாக இருக்கும்வரை யாருக்கும் வலிப்பதில்லை.
நூற்று நாற்பதாவது வரியில்
மின்சாரம் போனது.
நான்காம் கட்ட மின்வெட்டு, இரண்டு மணி நேரம்.
ஊர் அட்டவணையில் இருந்ததுதான்.
என் நான்கு நிறங்களில்
அதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

கணினியில் ஆறு சதவீதம் மிச்சம்,
கைபேசியில் ஒன்பது.
சிறிது நேரத்தில் அவையும் அணைந்தன.
விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்து அறை நொக்வாண்டா
கதவைத் தட்டாமல் வந்தாள்.
"யெஷ்னி, அழுகிறாயா?"
"இல்லையே. தட்டச்சு செய்கிறேன்."
"எதில்?"

பதில் தேடினேன்.
எனக்கு விடை தெரியாத கேள்வி
அந்த வருடம் அதுதான் முதல்.

அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.
ஞாயிறன்று அம்மா
சாட்ஸ்வொர்த்திலிருந்து கொடுத்தனுப்பிய பீன்ஸ் கறி,
ஐஸ்கிரீம் டப்பாவில், ஆறிப்போய்;
ஒரே கரண்டி, முறை வைத்துக்கொண்டு.
அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.
"காரம்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
நானும் காரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு
நன்றாக அழுதேன்.
மலையடிவாரம் முழுக்க இருட்டு.
தூரத்தில் பெவிலியன் அங்காடி மட்டும்
ஜெனரேட்டர் தயவில் மினுங்கியது.

அந்தப் பொடி எழுத்து இவளுடையதோ?
கேட்க நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.
பெயர் வேண்டாம் என்று
வாக்குக் கொடுத்தவள் நான்தானே.

எப்போது படுத்தேனோ தெரியாது.
நடுவில் மின்சாரம் திரும்பி வந்து
விளக்கு முகத்தில் அறைந்தது.
கணினியும் விழித்துக்கொண்டு
நூற்று நாற்பத்தொன்றாம் வரியில்
இமைத்துக் கேட்டது.
எழுந்து போய்
இரண்டையும் அணைத்தேன்.
இவ்வளவுதான் நான் செய்தது. இதற்குப் பதக்கமில்லை.

காலையில் இருநூற்றுப் பதின்மூன்றாவது படிவம் எடுத்தேன்.
ஆய்வு நடத்துபவர் நிரப்பக்கூடாது என்பது விதி;
கணக்கில் சேராது.
சேராததால் பொய் சொல்லத் தோன்றவில்லை.
பதினேழு: இரண்டு.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல்:
எண்கள் வெள்ளிக்கிழமை வரும், புதன் அல்ல.
காரணம் எழுதி, அழித்து,
காரணம் இல்லாமலே அனுப்பினேன்.
மாணவர் ஆலோசனை மையத்தில்
வியாழன், பதினொன்று இருபதுக்கு இடம் கிடைத்தது.

அதை அட்டவணையில் எழுத
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
எழுதவில்லை.
இத்தனை நாள் மூடியே கிடந்ததில்
மை முனையிலேயே உறைந்திருந்தது.
உள்ளங்கையில் வைத்துக் கிறுக்கினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கிறுக்கினேன்.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு குரங்கு
காலி ஐஸ்கிரீம் டப்பாவையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கைரேகையின் பள்ளத்தில்
மெல்ல
ஒரு சிவப்புக் கோடு வந்தது.