ஆறாவது கட்டம்

படிவத்தில் ஆறாவது கட்டம்: வடிவம்.
ஐந்து வரை சிரமமில்லை.
தேதி, தீவு, ஆழம், நிறம், ஈர எடை.
ஆறில் பேனா நின்றுவிடும்.

அனுமதித்த சொற்கள் பின்பக்கம் அச்சாகியிருக்கும்:
நூலுரு, தட்டுரு, விசிறியுரு,
கவைத்தது, நீள்முட்டை.
எதிலும் அடங்காதவற்றுக்கு
ஒழுங்கற்றது.

சின்னப்பாலத்தில் வள்ளம் தரை தட்டியதும்
சேதுராக்கு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச்
சாக்கைக் கவிழ்த்தாள்.
இது கஞ்சிப்பாசி, இது மரிக்கொழுந்து,
இது கட்டக்கோரை, இது
பக்கோடா.

போன வாரம் இதற்கு
மூன்று வரி எழுதியிருந்தேன்:
தலைகீழ்க் கூம்பு, விளிம்பில் பல்,
உள்ளே காற்று.
பாம்பன் பஸ் நிறுத்தத்தில்
நாலு மணிக்கு எண்ணெயிலிருந்து அரித்தெடுப்பார்களே,
அதே கோணல், அதே மொரமொரப்பு.
சொல்லைக் கேட்டதும் பசித்தது.
கலைச்சொல் எதுவும் இதுவரை
எனக்குப் பசியெடுக்க வைத்ததில்லை.

சாக்கின் அடியில் பேர் தெரியாத ஒன்று.
கத்தரிப்பூ நிறம்.
ஒரு பக்கம் மடல், ஒரு பக்கம் முடிச்சு.
திருப்பினேன், திருப்பினேன்,
கடைசியில் அந்தச் சொல்லையே எழுதினேன்.

"என்ன எழுதுறிய?"
வாசித்துக் காட்டினேன்.
விரலில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:
"ஒழுங்கத்ததா?
அது பாட்டுக்குக் கல்லைப் புடிச்சுக்கிட்டு
ஒழுங்காத்தானே இருந்துச்சு.
நாந்தேன் பிச்சுட்டு வந்தேன்."

அதற்குள் தராசு வந்துவிட்டது.
அவள் போய்விட்டாள்.
எடை போடும் இடத்தில்
வடிவத்தை யாரும் கேட்பதில்லை.

வில்லின் முனை என்று பேர் வாங்கிய ஊர்
இங்கிருந்து ஒரு பஸ் தூரம்.
வாடை ஒரு பக்கம் தள்ள
கச்சான் மறுபக்கம் தள்ள
எந்த வருஷமும் ஒரே மாதிரி வளைந்ததில்லை அந்த மணல்.
அதற்கு வில் என்று சொல்ல
யாருக்கோ மனசு வந்திருக்கிறது.

மண்டபம் அறையில் இரவு
பழைய சொல்லை அடித்துவிட்டுப் பென்சிலில் எழுதினேன்:
கல்லைப் பிடித்திருந்த வடிவம்.

இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது.
ஆறாவது கட்டத்தின் ஓரத்தில்
பெலிக்ஸ் சாரின் சிவப்பு மை:
எந்தக் கல்?

நியாயமான கேள்விதான்.
காற்று அடங்கினால்
சனிக்கிழமை அவளிடம் கேட்கலாம்.