நீலச் சீட்டுகள்

பாரீஸ் மக்களவையில் நான் பெட்டி ஏந்துகிறவன்.
கழுத்தில் சங்கிலி, கையில் உலோகப் பெட்டி,
வரிசை வரிசையாகப் போவேன்.
கைகள் நீளும். சீட்டு விழும்.
ஆம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் நீலம்.
இரண்டிலும் அவரவர் பெயர் அச்சாகியிருக்கும்.
முகங்களை நான் பார்ப்பதில்லை,
விரல்களைத்தான் தெரியும்.

ஒனேசிம் லகாசேனுடையவை
மாட்டு வைத்தியர் விரல்கள்.
மலைநாட்டு வால்மோரியிலிருந்து வந்த முதல் நாள்
நகக்கண்களில் அயோடின் மஞ்சள்.
கையுறை தரட்டுமா என்றேன்.
"எதற்கு, இங்கே யாராவது ஈனப்போகிறார்களா?"

முதல் பேச்சு கோமாரி நோய் பற்றி.
பன்னிரண்டு பேர் இருந்தார்கள், நாலு பேர் உறக்கத்தில்.
வலது கோடியிலிருந்து ஒருவர் "பால்!" என்று கத்தினார்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.
லகாசேன் தண்ணீர் குடித்தார்.
"ஆமாம், பாலும்தான்" என்று தொடர்ந்தார்.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

பதினோரு வருடம் ஒரே கோரிக்கை:
வால்மோரிக்கு ஒரு கிளை ரயில்.
பத்தொன்பது கிலோமீட்டர், இரண்டு பாலம்.
"அரை நாள் நடை, கனவான்களே!
ரயில் வந்தால் நாற்பது நிமிடம்!"
அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள்,
ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார்.
அதுவரை என் உடுப்பறையில்தான் வைப்பார்.
செனட்டர்களின் தொப்பியெல்லாம்
தொழுவம் போல மணத்தது.

ஒருமுறை அவரும் பதவிக்கு வந்தார்,
தபால் துறையில் துணைச் செயலர்.
கதவில் பெயர் எழுத வந்தவன்
'லகா' வரை எழுதியிருந்தான், அரசு கவிழ்ந்தது.
ஒன்பது நாள்.

அப்புறம் பதின்மூன்றாம் ஆண்டுக் கோடை.
படையில் இரண்டு வருடம் போதாது,
மூன்று வேண்டும் என்றது சட்டம்.
வசந்தத்தில்தான் ஊர்ச் சந்தையில்
கன்று விற்க வந்தவர்கள் முன்னால்
"நான் இருக்கும்வரை நடக்காது" என்று சொல்லியிருந்தார்.
வாக்கெடுப்புக்கு முன் இரவு
நடைக்கூடத் தூணருகே அமைச்சரின் ஆள் அவரோடு நின்றான்.
நான் விளக்கின் திரியை இறக்கிக்கொண்டிருந்தேன்.
காதில் விழுந்தது இவ்வளவுதான்:
இரண்டு பாலம்.

மறுநாள் என் பெட்டி அவர் முன்னால் நின்றது.
நீலம் பாதி வெளியே வந்தது.
உள்ளே போனது.
வெள்ளை விழுந்தது.
கட்டைவிரல் மட்டும் பெட்டி விளிம்பிலேயே தங்கியது,
சினைப்பசுவின் வயிற்றில்
அசைவு உண்டா என்று பார்ப்பது மாதிரி.
நான் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தேன்.
நகர வேண்டியதுதான் என் வேலை.

ஏப்ரலில் ரயில் ஓடியது.
வாத்தியம், கொடி, மேயரின் நாய் குரைப்பு,
நிழற்படத்தை எனக்கும் காட்டினார்.
ஆகஸ்டில் அதே எஞ்சின், அதே மூன்று பெட்டி,
ஊர்ப் பையன்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியது.
மழையில் நனைந்த மேலங்கியைக் கழற்றி
என்னிடம் தந்தபோது சொன்னார்:
"முன்பெல்லாம் அரை நாள் நடை.
இப்போது நாற்பது நிமிடம்."

நினைவுத்தூண் திறப்பு பற்றிச் செய்தித்தாளில்தான் படித்தேன்.
உரை கிடையாதாம்.
அறுபத்தொரு பெயர்களை வாசித்தாராம்.
புவார்தூ என்ற குடும்பப் பெயர் நாலு முறை.
பின்னாலிருந்து ஒருத்தி "கேட்கவில்லை" என்றிருக்கிறாள்.
முதலிலிருந்து மறுபடி வாசித்தாராம்.

இருபத்துநாலில் தோற்றார்.
எதிர்த்து நின்றவர் பேருந்து தருவதாகச் சொன்னார்.
மேசையை ஒழிக்க வரவில்லை,
நான்தான் ஒழித்தேன்.
ஒரு கத்தரிக்கோல், காய்ந்த பாலாடைத் தோல்,
பழைய நூல் கட்டியபடியே ஒரு கட்டு நீலச் சீட்டு.
ஊருக்கு எழுதிக் கேட்டேன்.
பதில் இல்லை.

கெட்டித் தாள். எரிக்க மனம் வரவில்லை.
சிடோனி அதன் பின்பக்கத்தில்
கடைக்குப் போக எழுதித் தருகிறாள்:
வெங்காயம், சோப்பு, கால் கிலோ காப்பி.
இன்று கடைக்காரர் திருப்பிப் பார்த்தார்.
"லகாசேன், எதிர்ப்பு.
எதை எதிர்த்தாராம்?"

காப்பி விலை ஏறிவிட்டதா என்று கேட்டேன்.
ஏறிவிட்டது என்றார்.