பழக்கம்

பல் டாக்டர் இரண்டைப் பிடுங்கிவிட்டுக்
கையெழுத்து வைத்தார்:
இனி நெஞ்சைத் திறக்கலாம்.

வெள்ளவத்தைச் சந்தையில்
முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மூன்று,
பிளாஸ்ரிக் பேசின், ஃபிளாஸ்க்.
மோதிரம் சவர்க்காரத்துக்கும் கழரவில்லை.
வார்ட்டில் வெட்டுவார்களாம்.

காஸ் எப்போது முடியும் என்று
பிரிட்ஜில் எழுதி ஒட்டினேன்.
நவரூபன் வாசிக்கவில்லை.

உலோக வால்வு இரவில் டிக் டிக் என்னும்,
பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும்
என்றிருந்தார் டாக்டர்.
ஊசி விழுந்தாலும் எழும்புகிற மனுஷன்;
கலியாணம் முடித்த கிழமையே
அறைக் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றியவர்.

கடைசி ரயில் கடலோரம் போய்விட்டது.
இருட்டில் ஸ்டூல் இழுபடும் சத்தம்.
பிறகு சுவரில்
டிக்.

"என்னப்பா செய்யிறியள்?"

"பழகிறன்."