கெடு

வால்திவியாவில், ஆற்றோரக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில்
எனக்கு ஒரு நாற்காலி, இரண்டு திரை.
கீழே மீன்சந்தையில் கடற்சிங்கங்கள் கத்தும்.
ஜன்னலைச் சாத்திவிட்டு
உலகத்தின் முடிவை நறுக்குவேன்.

நில அதிர்வு ஆய்வாளர் ஹிமேனா ஓயார்சூன்
நாற்பது நிமிடம் பேசினார்.
"சராசரியாக முந்நூறு ஆண்டுக்கு ஒன்று. ஆனால்..."
அந்த ஆனாலுக்குப் பிறகு இருபத்தாறு நிமிடம்.
நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.
எண்பது ஆண்டில் வந்ததும் உண்டு,
எழுநூறு ஆண்டு வராததும் உண்டு,
சேற்றடுக்கில் கண்டது ஆறே ஆறு,
ஆறு பேரை அளந்துவிட்டு
ஒரு நாட்டின் உயரம் சொல்வீர்களா என்றார்.
நிலம் தவணை கட்டுகிற ஆள் இல்லை என்றார்.

தயாரிப்பாளர் பாஸ்குவால் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
வெட்டினேன்.
'ஒன்று' முடிந்து,
'ஆ' சொல்ல உதடு பிரியும் இடத்தில்.
சுத்தமான வெட்டு. தொழில் தெரிந்தவன் நான்.

குரல்காரர் வந்தார்,
இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு படித்தார்:
"கடைசியாக வந்து முந்நூற்றுப் பத்து ஆண்டு.
கெடு முடிந்துவிட்டது."
அடியில் ஒரு முரசு சேர்த்தேன்.
கெடு, நாளையும் சொல்லும் நாசத்தையும் சொல்லும்.
ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை.

இன்னோரிடத்தில் "ஆபத்து இரு மடங்கு" என்று வரும்.
ஆயிரத்தில் ஒன்று
ஆயிரத்தில் இரண்டாகியிருந்தது.
ஆயிரம் எங்கே போனது என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.

பிறகு ஒரு கடிதம்.
காலேத்தா ரேமோவிலிருந்து எதெல்மிரா வென்சூல்,
கடற்பாசி உலர்த்தி விற்பவர், கோடு போட்ட தாளில்:

"ஐயா, கெடு முடிந்தது என்றீர்கள். எந்தத் தேதி?
வங்கிக் கடன் இன்னும் பதினான்கு ஆண்டு இருக்கிறது.
கூரைத் தகரம் மாற்றலாமா, வேண்டாமா?
பையன் காலணியோடு தூங்குகிறான்.
வீட்டுக்காரர் பாசி ஏற்றிக்கொண்டு
ராத்திரி மழையில் லாரி ஓட்டுகிறார்.
அது எத்தனையில் ஒன்று?
அதை உங்கள் படத்தில் சொல்லவில்லை."

வெட்டிய துண்டுகள் கிடக்கும் கோப்பைத் திறந்தேன்.
இருபத்தாறு நிமிடமும் இருந்தது.
அதற்குப் பின்னால் இன்னொன்று:
அதே காலேத்தா ரேமோ,
கையில் கடிகாரத்தோடு ஓயார்சூன்
கரையிலிருந்து மேட்டின் பச்சைப் பலகை வரை நடக்கிறார்.
மூச்சிரைக்கத் திரும்பிச் சொல்கிறார்:
"பதினோரு நிமிடம். குழந்தையோடு என்றால் பதினான்கு.
இந்த எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்."
ஓரத்தில் என் குறிப்பு:
நடை. விறுவிறுப்பில்லை.

பதில் எழுதினேன்.
தேதி யாருக்கும் தெரியாது. தகரத்தை மாற்றுங்கள்.
லாரிக்கு விசாரித்துச் சொல்கிறேன்.
மேட்டுக்குப் பதினான்கு நிமிடம்,
ஒருநாள் இருட்டில் பையனோடு நடந்து பாருங்கள்,
அந்தக் காலணியோடே.

வியாழன் இரவு பத்து மணிக்கு
மறுஒளிபரப்பு.